நெல் காயும் ரோட்டில் ராடார்

கரடுமுரடான தரைமேல் இருக்கிற பொருளில் ராடார் அலை பட்டால் அது எந்தெந்தப் பக்கம் சிதறும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது என் தொழில். இதைப் படித்ததும் 'ஓகோ' என்று ஒரு முகம் காட்டினீர்களே, அந்த முகத்தைத்தான் நான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். வழவழப்பான சுவரில் பந்தை அடித்தால் எங்கே திரும்பும் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். கருங்கல் அடுக்கிய சுவரில் அடித்துப் பாருங்கள், தெருக்கோடிக்கு ஓடித்தான் பொறுக்க வேண்டும். அலையும் அப்படித்தான். சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி, பஸ் முன்னால் பொருத்துகிற ராடார் பெட்டி செய்கிறது. எதிரே ஆளோ மாடோ இருந்தால் பெட்டி கண்டுபிடித்துத் தானே பிரேக் போட்டுவிடும். அந்தப் பெட்டிக்கு ரோட்டில் என்ன தெரியும், என்ன தெரியாது என்று கணக்குப் பார்க்க நான். செஞ்சியில் ஒரு மாடி போர்ஷனை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்தே வேலை. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை மலை. ஊரெல்லாம் வந்து அதன்முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்கிறது. எனக்கோ அந்தப் பாறைக் குவியலைப் பார்த்தால், மாதாவே, இதைக் கணக்குப் போடச் சொல்லிவிடப் போகிறார்கள் என்று பயம்தான் வரும்.

இந்த வேலையை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் அவலூர்பேட்டை போகிற ரோட்டில். அறுவடை முடிந்தால் அந்த ரோட்டில் பாதி எங்களுக்குக் களம். கல்லை வரிசையாக வைத்து, முள்ளை வெட்டிப் போட்டு, நெல்லைப் பரப்பிவிடுவோம். சாயங்காலம் அதைக் குவித்து மூட்டை பிடிக்கும்போது எங்கம்மா குவியலுக்குப் பின்னால் குந்தி உட்காரும். போன வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு மினி லாரி குவியலில் ஏறி, எங்கம்மா இடுப்பையும் இடித்துவிட்டது. ஆள் இருந்தது தெரியவில்லை என்றான் டிரைவர். ஆபரேஷன் ஆகி, எங்கம்மா இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறது. இன்றைக்கும் அதே ரோட்டில்தான் நெல் காயவைக்கிறது. எங்கள் பெட்டி எங்கம்மாவைப் பார்க்குமா, பார்க்காதா? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதைக் கண்டுபிடிப்பதற்குள் நான் பட்ட பாட்டைத்தான், என்னைப்போலவே எங்கேயோ அவதிப்பட்டுக்கொண்டிருக்கும் உங்களிடம் கொட்டுகிறேன்.

சும்மா இருந்த கம்ப்யூட்டர்

என் கணக்குகள் நாள்கணக்கில் ஓடும். ஓடும்போது ஸ்கிரீனில் ஒன்றும் நடக்காது. கறுப்புத் திரையில் ஒரு வரி இருக்கும்; அதுவும் எப்போதாவதுதான் நகரும். கீழ்வீட்டு ஃபிலோமினா அக்காதான் எனக்கு வீட்டுக்காரம்மா. தங்கமான மனசு. மீன் குழம்பு வைத்தால் எனக்கு ஒரு கிண்ணம் வராமல் இருக்காது. ஒருநாள் நான் காய்கறி வாங்கப் போன நேரத்தில் கீழே ப்ளக் கருகிவிட்டதாம். தன்னிடம் இருந்த சாவியால் மாடிக் கதவைத் திறந்து, என் யூ.பி.எஸ் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகி, வீட்டுக்காரர் சட்டைகளை வரிசையாகத் தேய்த்து முடித்திருக்கிறார்.

யூ.பி.எஸ் சும்மா இருக்குமா? கத்தியிருக்கிறது. நான் திரும்பி வந்தபோது அறை முழுக்கச் சூடான துணி வாசனை, கம்ப்யூட்டர் மட்டும் சில்லென்று கிடந்தது. நடுநடுவே சேமித்து வைக்கக் கூடாதா என்று கேட்கிற கெட்டிக்காரர்களுக்கு: சேமித்திருந்தேன் சாமி, முந்தின நாள் மத்தியானம். அதற்கப்புறம் ஓடினதெல்லாம் அந்தச் சட்டைகளின் மடிப்பில் போய்விட்டது. கோபத்தில் படியிறங்கிக் கீழே ஓடினேன். அக்காவோ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஸ்கிரீன்ல ஒண்ணுமே ஓடலியே, தூங்குதுன்னு நெனச்சேன். பக்கத்துல இருந்த பொட்டி வேற பீப் பீப்னு கத்திச்சு. பாவம், சூடாயிடுச்சி போலன்னு அதயும் அமுத்தி வுட்டேன்."

சிக்னல் டாக்டர்

அலையைப் பற்றிப் படித்தவள் என்று தெருவுக்குத் தெரிந்தது என் கெட்ட நேரம். டிவி படம் உடைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். டிஷ்ஷில் காக்கா உட்கார்ந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை மலைக்கு அந்தப் பக்கம் வீடு கட்டியிருக்கிற ஃபிலோமினா அக்காவின் தங்கச்சி, வீட்டில் சிக்னலே வருவதில்லை என்று ஆட்டோ வைத்து என்னை அழைத்துப் போனார். போய்ப் பார்த்தேன். டவர் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம், நடுவில் மலை. அலை பாறை இடுக்கிலெல்லாம் அடிபட்டுச் சிதறி, மிச்சம் மீதிதான் இங்கே வந்து சேருகிறது என்று காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். தொண்டை வறண்டது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டுக் கேட்டார்: "அப்போ இத்தினி வருசம் படிச்சி, நடுவுல மலை இருக்குதுன்னுதான் கண்டுபுடிச்சியா?"

தரையைச் சமமாக்கச் சொன்னவர்

கார்த்திகேயன் சார் எங்கள் மேனேஜர். சென்னை ஆபீஸில் இருக்கிறார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்கம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கேட்காமலே லீவு கொடுத்தவர். ஆனால் தரை என்று சொன்னால் அவருக்கு ஆபீஸ் டைல்ஸ்தான் நினைவுக்கு வரும்.

தரையைக் கண்ணாடிபோலச் சமமாக வைத்துக் கணக்குப் போட்டால் டீ ஆறுவதற்குள் விடை வந்துவிடும். அழகான விடை. ஆள் பளிச்சென்று தெரிவார். மேட்டையும் பள்ளத்தையும் நெல்லையும் சேர்த்தால் நாள்கணக்கில் ஓடும், வருகிற விடையும் அழுமூஞ்சியாக இருக்கும். வீடியோ காலில் சார், "தார் ரோடும்மா, சமமாத்தானே இருக்கும்?" என்றார். நான் எங்கள் ஊர் ரோட்டின் போட்டோவைக் காட்டினேன். பாதி ரோட்டுக்கு நெல், அதைத் தாண்டி உளுந்துச் செடி, பஸ் டயர் ஏறி உதிரட்டும் என்று நடு ரோட்டில் கேழ்வரகுக் கதிர். ரோட்டின் தாரே கண்ணில் படவில்லை. பெட்டியை வாங்கப் போகிற பஸ் முதலாளியின் வண்டிகள் ஓடுவதே இந்த ரோட்டில்தானே சார் என்றேன். அவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். எங்கம்மா உட்காருகிற இடத்தை வேறு பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் ஈயமாகக் கிடக்கிறது: "ரோட்ல நெல்லு கொட்டறது அவங்க தப்பு. அடுத்தவங்க தப்பையெல்லாம் நாம எதுக்கும்மா கணக்குல சேக்கணும்?"

ஈரம் பார்க்கப் போனேன்

தப்போ சரியோ, சேர்த்தே தீருவது என்று நான் முடிவு பண்ணிவிட்டேன். அதற்கு நெல் பரப்பு எவ்வளவு மேடு பள்ளமாக இருக்கிறது என்று அளக்க வேண்டும். நெல்லில் எவ்வளவு ஈரம் என்றும் தெரிய வேண்டும். ஈர நெல் அலையை ஒரு மாதிரி திருப்பும், காய்ந்த நெல் வேறு மாதிரி. ஒரே ஊர் நெல்லைப் பார்த்தால் போதாதே என்று ஸ்கேலையும் ஈரம் பார்க்கிற மீட்டரையும் எடுத்துக்கொண்டு தளவானூர் பக்கம் போனேன். தொப்பி வேறு போட்டிருந்தேன். அதுதான் முதல் தப்பு. தொப்பி, மீட்டர், பேனா என்று நெல் பக்கத்தில் ஒருத்தி வந்து நின்றால் இந்தப் பக்கத்து ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? கொள்முதல் நிலையத்திலிருந்து, ஈரமாக இருக்கிறது என்று சொல்லி மூட்டையைத் திருப்பி அனுப்ப வந்தவள் என்றுதான் நினைப்பார்கள்.

அங்கே நெல் கிளறிக்கொண்டிருந்த ஒரு அக்கா துடைப்பத்தோடு என் முன்னால் வந்து நின்றார். "அக்கா, நான் அந்த ஆளு இல்லக்கா, ராடார்க்கா, பஸ்ஸுல வெக்கிறது" என்றேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. ராடார் வைத்து இன்னா பண்ணப் போறீங்க, ரோட்டை அகலமாக்கிக் கழனியைப் பிடுங்கப் போறீங்களா என்று அவர் குரல் உசந்தது. நாலு பேர் கூடிவிட்டார்கள். யாருக்காக நான் வெயிலில் காய்கிறேனோ அவர்களிடமே பேச்சு வாங்குகிறேன் என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அதைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கிவந்த அக்கா, மீட்டரில் என்ன காட்டுகிறது என்று எட்டிப் பார்த்தார். காய்ந்துதான் இருக்கிறது என்றேன். சட்டென்று முகம் மலர்ந்தது: "வந்ததுதான் வந்துட்ட, காஞ்சிடுச்சின்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துட்டுப் போ. கொள்முதல் ஆளுகிட்ட காட்டிக்கிறேன்."

நல்ல படமாக ஒன்று

இப்போது சொல்லப்போவதை நினைத்தால் எனக்கு இன்னும் ரத்தம் கொதிக்கிறது.

ஒரு குவியல் மாதிரி இன்னொரு குவியல் இருக்காது. காற்றடித்தால் மாறும், நாய் ஓடினால் மாறும். அதனால் ஒரே ஒரு தரையை வைத்துக் கணக்குப் போட்டால் அது ஜோசியம். கம்ப்யூட்டருக்குள்ளேயே நூற்றுக்கணக்கில் பொய்த் தரைகளைச் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு குவியலை வைத்து, குவியலுக்குப் பின்னால் ஒரு ஆளைக் குந்த வைத்து, எல்லா விடையையும் சேர்த்துப் பார்த்துத்தான் பெட்டிக்கு ஆள் தெரிகிறாரா இல்லையா என்று சொல்ல முடியும். எங்கள் தொழிலில் இதுதான் முறை. ஃபிலோமினா அக்காவின் இஸ்திரிப் பெட்டி, கரண்ட் கட் எல்லாவற்றையும் தாண்டி இதைச் செய்து முடித்தேன். விடை வந்தது. பெரும்பாலான தரைகளில் ஆள் தெரியவில்லை. நெல்லிலிருந்து திரும்பி வருகிற அலையும் ஆளிடமிருந்து வருகிற அலையும் ஒன்றோடொன்று கலந்து, பெட்டிக்கு எல்லாம் ஒரே குவியல். அந்த விடையைப் பார்த்தபோது எனக்குத் தரையெல்லாம் மறந்துவிட்டது. எங்கம்மாவைத் தெரியவில்லை என்பது மட்டும்தான் மனசில் நின்றது.

எல்லாப் படங்களையும் சாருக்கு அனுப்பினேன். பதைபதைத்துப் போன் செய்வார் என்று காத்திருந்தேன். செய்தார். சந்தோஷமாகச் செய்தார். அத்தனை படங்களையும் பொறுமையாகப் புரட்டி, ஆள் பளிச்சென்று தெரிகிற ஒரே ஒரு படத்தைக் கண்டுபிடித்திருந்தார். அதை மட்டும் ரிப்போர்ட்டில் போடு, கலரைக் கொஞ்சம் தூக்கலாக வை என்றார். பொக்கு மல்லாட்டையாக, பருப்பில்லாத வேர்க்கடலையாக நிறைந்த மூட்டையிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்து உரித்துக் காட்டி வியாபாரம் பேசுகிற மாதிரி! சார், இது பொய் சார், மீதி அத்தனையிலும் ஆள் செத்துப்போகிறார் சார் என்று நான் போனில் கத்தினேன். கீழே ஃபிலோமினா அக்கா டிவி சத்தத்தையே குறைத்துவிட்டார். சார் மட்டும் குரலை உயர்த்தவே இல்லை: "ஒண்ணாவது பாஸ் ஆயிருக்குல்ல, பாசிட்டிவா பாரும்மா."

பிராக்கெட் அடிச்சாச்சு

கத்திவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? வழி என்ன என்று தேடினேன். வழி இருந்தது, அதுவும் சின்ன வழி. பெட்டியை பஸ்ஸின் பம்பரில் மாட்டுவதாகத் திட்டம். அவ்வளவு தாழ்வாக இருந்து பார்த்தால் குவியல்தான் முன்னால் நிற்கும், பின்னால் குந்தியிருக்கிற ஆள் அதன் நிழலுக்குள் போய்விடுவார். அதே பெட்டியை டிரைவர் கண்ணாடிக்கு மேலே, ரூட் போர்டு பக்கத்தில் மாட்டினால் அலை குவியலுக்கு மேலே எட்டிப் பார்க்கும். அந்த உயரத்தை வைத்து எல்லாத் தரைகளிலும் மறுபடி கணக்கை ஓட்டினேன். பெரும்பாலானவற்றில் ஆள் தெரிந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து குதித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், குதித்தது நிஜம்.

சாருக்குச் சொன்னேன். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. நான் முதல் கணக்கை ஆரம்பிப்பதற்கு முன்பே பம்பருக்கு அளவெடுத்து, பெட்டியை மாட்டுகிற இரும்பு பிராக்கெட்டைக் கோணி கோணியாக அடித்து, பெயின்ட்டும் அடித்து வைத்துவிட்டார்கள். அப்புறம் எதற்காக என்னைக் கணக்குப் போடச் சொன்னார்கள்? எதற்காக நான் அந்த வெயிலில் துடைப்பத்தடிக்குத் தப்பி ஓடி வந்தேன்? இதைத்தான் கேட்டேன். சார் ரொம்பத் தன்மையாகப் பதில் சொன்னார்: "இரும்பை வளைக்க முடியாதும்மா. கணக்கை பிராக்கெட்டுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் வளைச்சுக் குடு."

ஜவுளிக்கடை பொம்மை

வளைக்க மாட்டேன் என்றேன். ரிப்போர்ட்டில் என் பெயர் போடாமல் அனுப்புங்கள், பஸ் முதலாளியே கேட்டால் நான் உள்ளதைச் சொல்லிவிடுவேன் என்றும் சொன்னேன். நேரில் காட்டினால் இவள் வாயை அடைத்துவிடலாம் என்று சார் நினைத்தாரோ என்னவோ, எங்கள் ஊர் ரோட்டிலேயே சோதனை ஓட்டம் வைத்துவிட்டார். எங்கப்பாவிடம், நைனாவிடம், நான்தான் கெஞ்சி, எங்கள் நெல்லையே குவித்து வைக்க ஏற்பாடு செய்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் ஆளை நிறுத்தி, யாரும் வராமல் பார்த்துக்கொண்டோம். பஸ் முதலாளி தன் பஸ் ஒன்றோடு வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, அதிகம் பேசாத மனிதர். டிரைவராக இருந்து முதலாளியானவர் என்று சார் காதில் சொன்னார்.

ஆளுக்குப் பதிலாக என்ன வைப்பது? தண்ணீர் கேன்களை அடுக்கி வையுங்கள் சார், மனுஷ உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தான், அலை கிட்டத்தட்ட ஒரே மாதிரி திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். வீடியோ எடுக்கப்போகிறோம், அதில் கேன் நன்றாக இருக்காது என்றார் சார். செஞ்சி கடைத்தெரு ஜவுளிக்கடையில் சேலை கட்டி நிற்கிற பொம்மையை வாடகைக்குத் தூக்கி வந்திருந்தார். பிளாஸ்டிக் பொம்மை! உள்ளே காற்று. அலை அதில் பாதிக்குமேல் புகுந்து போய்விடும். குவியலுக்கு முன்னால் நிறுத்தியே பஸ் நிற்கவில்லை. டிரைவர்தான் அலறிப் பிரேக் போட்டார். முதலாளி முகம் கறுத்தது. சார் உடனே யாரையோ ஓடவிட்டு, பிரியாணிக் கடையில் பொட்டலம் கட்டுகிற வெள்ளித்தாள் சுருளை வாங்கிவரச் சொல்லி, பொம்மையைத் தலையிலிருந்து கால்வரை சுற்றினார். அது வெயிலில் தேர்த்திருவிழாச் சொரூபம் மாதிரி மின்னியது. அலைக்கும் அப்படித்தானே மின்னும்! பஸ் ரொம்ப தூரத்திலேயே நின்றுவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் கை தட்டவில்லை. பஸ் முதலாளியிடம் நேராகப் போய், "ஐயா, எங்க ஊர்ல யாரும் வெள்ளித்தாள் சுத்திக்கினு நெல்லு வார்றதில்லைங்க" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் சார் நடுவில் புகுந்தார்: "அதுக்கென்னம்மா, நெல்லு காயவைக்கிறவங்கள பளபளன்னு ஏதாவது கட்டிக்கிட்டு உக்காரச் சொல்லி ஒரு நோட்டீஸ் அடிச்சிக் குடுத்துட்டாப் போச்சு."

கோணிப்பை

இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்டவள் மூட்டை பிடிப்பதற்கு ஜரிகைச் சேலை கட்டிக்கொண்டு வர வேண்டுமாம். கேட்டீர்களா அநியாயத்தை? எங்கம்மா ரோட்டோரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆவேசம் வந்தது. பொம்மையைக் குவியலுக்குப் பின்னால் குந்த வையுங்கள் என்றேன். பொம்மைக்கு முட்டி மடங்காது என்றார் சார். அப்படியானால் நிஜ ஆள்தான் வேண்டும். நான் ஒரு காலிக் கோணியை எடுத்துப் போய், குவியலுக்குப் பின்னால், எங்கம்மா உட்காருகிற இடத்திலேயே விரித்தேன். "சார், பெட்டி எல்லாத்தையும் பாக்கும்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கீங்க. நீங்களே உக்காருங்க. டிரைவர் பிரேக்ல கால் வெக்க மாட்டாரு, பெட்டியே பாத்துக்கட்டும்" என்றேன்.

சார் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. கோணியைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், கழுத்துப் பட்டனை அவிழ்த்தார். இந்த மனிதர் பாஸ் என்று சொன்ன அத்தனையும் அந்த நேரத்தில் அவர் முகத்தில் ஃபெயில் ஆகிக்கொண்டிருந்தது. குரல் இறங்கிப்போய், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "வெளையாடாத ஸ்டெல்லா. எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க."

கேன் கத்தாது

எங்கம்மாவுக்கும் பசங்க இருக்காங்க சார், அதுல ஒருத்திதான் உங்க எதிர்ல நிக்கிறா என்று ரோடெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னேன். சார் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி டீக்கடையிலிருந்து தண்ணீர் கேன்களை எடுத்துவரச் சொன்னார். எங்கம்மாவின் பழைய சேலையை அவற்றின்மேல் போர்த்தி, கோணிமேல் அடுக்கினோம். டிரைவரிடம் முதலாளி, "நான் சொல்ற வரைக்கும் பிரேக்க தொடாத" என்றார். பஸ் மெதுவாகத்தான் வந்தது. பெட்டி பீப் என்றுகூடச் சொல்லவில்லை. சக்கரம் குவியலின் ஓரத்தில் ஏறி, கேன்களை நசுக்கி, சேலையை இழுத்துக்கொண்டு தாண்டிப் போனது. தண்ணீர் தாரில் ஓடியது. "நெல்லெல்லாம் நனஞ்சிடுச்சே" என்று நைனா ஓடினார். எங்கம்மா அசையவில்லை. சக்கரத்தில் சுற்றிக் கிடந்த தன் சேலையைக் கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டே, "கேனு ஒரு வார்த்த கத்துச்சா பாரு. நானா இருந்தா ஊரையே கூட்டியிருப்பேன்" என்றது. யாரும் சிரிக்கவில்லை. என் கணக்கு சரியாக வந்துவிட்டது. ஒரு கணக்கு சரியாக வந்ததற்காக ரோட்டில் நின்று நான் அழுதது அன்றைக்குத்தான்.

முதலாளி எங்கம்மாவிடம் வந்தார். "இங்கதான் உக்காருவீங்களாம்மா?" என்றார். "பின்ன எங்க உக்கார்றது? களம் கட்டிக் குடுங்க, அங்க உக்கார்றேன்" என்றது எங்கம்மா. அவர் தலையாட்டினார். பம்பருக்குப் போய், பளபளவென்று பெயின்ட் அடித்த அந்த பிராக்கெட்டைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு எங்கள் மேனேஜரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பொண்ணு சொன்ன எடத்துல, மேல மாட்டுங்க. மாட்டிட்டு, மொத ஆளா நீங்க வந்து அந்தக் கோணியில உக்காருங்க. வண்டிய நானே ஓட்டுறேன்."

கம்ப்யூட்டருக்குள் எத்தனையோ தரைகளைப் பரப்பிக் காட்டியும் புரியாத கணக்கு, தான் உட்கார வேண்டிய தரை என்றதும் ஒரு நொடியில் எங்கள் மேனேஜருக்குப் புரிந்துவிட்டது என்றால், நான் இத்தனை வருஷம் கண் நோகப் படித்ததற்குப் பதில் ஒரு கோணிப்பை வாங்கியிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றுவதில் தப்பு ஏதாவது இருக்கிறதா, நீங்களே சொல்லுங்கள்.